தைக்காட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த வரலாற்று மாணவி: யார் இந்த மேரி புன்னன் லூக்கோஸ்?

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், சாலை பஜார் இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம் தனியாகக் கேட்கும். பழவங்காடி கணபதிக்கு யாரோ சிதறுகாய் உடைத்துக்கொண்டிருப்பார்கள். டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போன தமிழர்களில் பாதிப் பேராவது அங்கே ஒரு தேங்காய் உடைத்திருப்பீர்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, படைவீரர்களோடு வந்து சேர்ந்த பிள்ளையார் இவர் என்பது ஐதீகம். இன்றைக்கும் கோயில் நிர்வாகம் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. பத்மநாபபுரமோ இப்போது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கோயில் வாசலில் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் தைக்காடு வந்துவிடும். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்தக் கட்டுரையின் நாயகி 1916-ல் பிரசவ டாக்டராக வேலைக்குச் சேர்ந்த இடம் அது. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். பேர் கேள்விப்பட்டதில்லையா? கேரளத்துக்கு வெளியே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் குடும்பம் நாகர்கோவில், தக்கலை, குழித்துறை பக்கம் என்றால் விஷயமே வேறு. உங்கள் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ 1940 வாக்கில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தால், அந்த ஆஸ்பத்திரிக்கு மேல் அதிகாரியாக இருந்தவர் இவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு பெண்கள்

தமிழ்நாட்டில் முதல் பெண் டாக்டர்கள் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாருக்கும் நினைவு வருவது முத்துலட்சுமி ரெட்டி. அவர் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று, கோட்டயத்துக்குப் பக்கத்தில் அய்மனத்தில் பிறந்தார் மேரி. (ஆமாம், அருந்ததி ராய் நாவல் நடக்கிற அதே ஊர்.)

இருவர் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இரண்டு ஊரும் மன்னர் ஆட்சியில் இருந்தவை. இரண்டு ஊரிலும் மகாராஜா கல்லூரி என்ற பெயரில் ஒரு கல்லூரி இருந்தது, இரண்டிலும் ஒரு பெண் போய்க் கதவைத் தட்டினார். புதுக்கோட்டையில் எதிர்ப்பு கிளம்பியும் மன்னர் தலையிட்டு முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொண்டார். திருவனந்தபுரத்தில் மேரியைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அறிவியல் பாடம் கிடையாது என்றார்கள். காரணம், அவர் பெண் என்பது மட்டும்தான். ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட்டில் நன்றாகப் படித்துத் தேறியவர். அப்பா டி.ஈ. புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி, அரண்மனை மருத்துவரும்கூட. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கே இந்தப் பதில் என்றால் மற்றவர்கள் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வேறு வழியில்லாமல் மேரி வரலாறு எடுத்தார். 1909-ல் பி.ஏ. முடித்தபோது அந்த வளாகத்தில் படித்த ஒரே பெண் அவர்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவில் எந்த மருத்துவக் கல்லூரியும் பெண்களைச் சேர்க்காததால்தான் மேரி லண்டன் போனார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்தது. மேரி பி.ஏ. முடித்த சமயத்தில் முத்துலட்சுமி அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார், 1912-ல் பட்டமும் வாங்கினார். மேரியை உண்மையில் தடுத்தது அதற்கும் முந்தைய படி. கல்லூரியில் அறிவியல் கொடுக்கவில்லை என்றால் மருத்துவத்துக்கான பாதை அங்கேயே குறுகிவிடுகிறது. நம்மில் பலர் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கிடைத்தது என்பதை வைத்து வாழ்க்கை திசை மாறிப்போன கதை சொல்வோமே, அதே கதைதான்.

லண்டன் பல்கலைக்கழகம் 1878-லேயே பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டிருந்தது. மேரி அங்கே எம்.பி.பி.எஸ். முடித்தார். கேரளப் பகுதியில் இருந்து அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். பிறகு பிரசவ மருத்துவப் பயிற்சிக்கு டப்ளினின் ரொட்டுண்டா மருத்துவமனை, குழந்தை மருத்துவத்துக்கு லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட். அந்த வருடங்களில் ஒரு பகுதி முதல் உலகப் போருக்குள் போனது.

ஹிஸ்டரி எடுப்பது என்றால் என்ன?

வரலாறு படித்த ஒருவர் டாக்டரானதும் முதலில் கற்றுக்கொள்வது இன்னொரு வரலாற்றை. எம்.பி.பி.எஸ். படிக்கிற நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், வார்டுக்குப் போன முதல் வாரமே ஹிஸ்டரி எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நோயாளிக்கு என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்படி ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. முன்பு என்ன வியாதி இருந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறார், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, வேலை என்ன, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி. முதல் தொந்தரவை நோயாளி சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், டாக்டர் பாஷையில் மாற்றக் கூடாது என்பது பழைய விதி. அதற்குப் பிறகுதான் கண்ணால் பார்ப்பது, கையால் தொடுவது, தட்டுவது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது என்ற வரிசை.

கேட்க ஏதோ சம்பிரதாயம் மாதிரித் தெரிகிறதா? ஒரு எண்ணைப் பார்ப்போம். 1975-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. புதிதாக ஓ.பி.க்கு வந்த 80 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, கடைசியில் உறுதியான நோயை எந்தக் கட்டத்தில் டாக்டர் கண்டுபிடித்திருந்தார் என்று பார்த்தார்கள். 66 பேருக்கு, அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து நோயாளி சொன்னதைக் கேட்டு முடித்தபோதே விடை சரியாக வந்திருந்தது. உடல் பரிசோதனை விடையை மாற்றியது 7 பேருக்கு, லேப் டெஸ்ட் மாற்றியது இன்னொரு 7 பேருக்கு. 80 பேர் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை, அதுவும் ஸ்கேன் யுகத்துக்கு முந்தைய ஆய்வு. ஆனாலும் மருத்துவ ஆசிரியர்கள் இதை இன்னும் விடாமல் மேற்கோள் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, வார்டில் அவர்கள் தினமும் பார்ப்பதும் இதைத்தான்.

இப்போது 1916 தைக்காட்டுக்கு வருவோம். கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது ஸ்காட்லாந்தில் இயன் டொனால்டின் குழு 1958-ல் கட்டுரை வெளியிட்ட பிறகு வந்த சங்கதி. கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்துகள் 1930களின் நடுவில்தான் வந்தன, பென்சிலின் அதற்கும் பிறகு. அப்படியானால் ஒரு பிரசவ டாக்டர் கையில் என்ன இருந்தது? குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க, 1895-ல் பிரான்சில் பினார் வடிவமைத்த ஒரு சின்னக் குழல். வயிற்றின் மேல் கைவைத்து, தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க லெயோபோல்டின் நான்கு படிகள். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேள்விகள்.

உதாரணத்துக்குப் பிரசவத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னால் போனால் அடுத்த வருடத் தேதி கிடைக்கும். ஜூன் 10 என்றால் மார்ச் 17. 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் டாக்டர் நேகலேயின் பெயரில் வழங்கும் கணக்கு இது, உங்கள் மொபைலில் இருக்கிற கர்ப்ப கால ஆப்பும் இதைத்தான் போடுகிறது. கணக்கு சுலபம்தான், ஆனால் அந்த முதல் தேதியை வாங்குவது லேசான காரியமில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் திருவிதாங்கூரில் அரசாங்கக் காகிதமே கொல்லம் ஆண்டில் ஓடியது. ஆங்கிலத் தேதி பல வீட்டுப் பெண்களுக்குப் பழக்கமில்லை. திருவோணம் கழிந்து எத்தனை நாள், ஆடி அமாவாசைக்கு முன்னாலா பின்னாலா என்று நூல் பிடித்துப் போய்த்தான் ஒரு தேதியை எட்ட முடியும். மலையாளத்தில் பேசுகிறவர், சாலைத் தெருவில் கடை வைத்த குடும்பத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண், கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண் என ஒவ்வொருவர் பஞ்சாங்கமும் வேறு.

அடுத்தது முந்தைய பிரசவங்கள். எத்தனை முறை கருத்தரித்தார், எத்தனை குழந்தை தங்கியது, எது எந்த மாதத்தில் கலைந்தது, போன தடவை வலி எத்தனை மணி நேரம் நீடித்தது, பிறந்த பிறகு உதிரப்போக்கு எவ்வளவு. போன பிரசவத்தில் ரத்தம் கட்டுக்கடங்காமல் போனவருக்கு இந்தத் தடவையும் அப்படி ஆகும் ஆபத்து அதிகம். தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம் என்று மூன்றையும் ஒருவர் சொன்னால் வலிப்பு வரும் முன் எச்சரிக்கையாகிவிடலாம். இவற்றில் எதுவும் வயிற்றைப் பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் வரும்.

சரி, கேட்டால் சொல்லிவிடுவார்களா? இங்கேதான் மேரி எதற்கு முக்கியம் என்பது வருகிறது. மாதவிலக்கு, கருச்சிதைவு, கணவனோடு உறவு, கீழே எரிச்சல் என இந்தக் கேள்விகளுக்கு ஆண் டாக்டரிடம் பதில் சொல்லும் பெண்கள் அன்று மிகக் குறைவு. பல வீடுகளில் பதில் சொன்னது கூட வந்த மாமியாரோ புருஷனோதான். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இன்னொருவர் சொல்கிற ஹிஸ்டரி, பாதிக் கதைதான். இன்றைக்கும் நம்ம ஊர் மகப்பேறு ஓ.பி.யில் உட்கார்ந்து கவனித்தால் இது முழுசாக மாறிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

மருத்துவச்சிகளோடு சண்டை போடாத டாக்டர்

மேரி திரும்பி வந்த 1916-ம் ஆண்டிலேயே அவருடைய அப்பா காலமானார். அதுவரை ஒரு மேற்கத்தியர் பார்த்துவந்த சூப்பரின்டெண்டன்ட் பொறுப்பும் தைக்காட்டில் மேரிக்கு வந்தது. மறு வருடம் வழக்கறிஞர் கே.கே. லூக்கோஸைத் திருமணம் செய்துகொண்டார். அவர் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார்.

ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார். வர வேண்டியவர்கள் வரவில்லை. பிரசவம் என்றால் வீடு, வீடு என்றால் வயற்றாட்டி. நாம் மருத்துவச்சி என்கிறோமே, அவர்தான். லண்டன் படிப்பு முடித்து வந்த ஒருவர் அவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்கித் தள்ளியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அன்றைய இந்தியாவின் பல இடங்களில் நடந்தது அதுதான். மேரி வேறு வழி எடுத்தார். பிரசவம் பார்க்கும் முறையான பயிற்சி ஒன்றை ஆரம்பித்து, உள்ளூர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே அதில் சேர்த்தார். தாய்க்கு எதிரியாகத் தெரிந்த ஆஸ்பத்திரி, மகளுக்குச் சம்பளம் தரும் இடமாகிவிட்டால் எதிர்ப்பு எங்கிருந்து வரும்?

என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். எதிர்ப்பைக் குறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தெருவில் யாருக்கு எத்தனை பிரசவம், எந்த வீட்டில் தாய் இறந்தாள், யாருக்கு எப்போதும் குழந்தை குறுக்கே கிடக்கும் என்பதெல்லாம் மருத்துவச்சியின் தலைக்குள் இருந்த விஷயம். எந்த கேஸ் ஷீட்டிலும் அது கிடையாது. அந்த வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்குள் வந்தால் அந்த அறிவும் கூடவே வந்துவிடும்.

கேஸ் ஷீட் என்றதும் டப்ளின் ஞாபகம் வருகிறது. மேரி பயிற்சி எடுத்த ரொட்டுண்டா 1745-ல் தொடங்கியது, பிரசவக் கணக்கு எழுதிவைப்பதில் பேர் போன இடம். அதன் தலைவராக இருந்த ராபர்ட் காலின்ஸ், 1826-ல் இருந்து ஏழு வருடத்தில் அங்கே நடந்த 16,654 பிறப்புகளின் முடிவுகளைத் தொகுத்து 1835-ல் ஒரு புத்தகமே போட்டார். எக்செல் ஷீட்டோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு வருகிறது. ஒவ்வொரு வரிசையும் யாரோ ஒரு மாணவர் கட்டிலருகே நின்று கேட்டு எழுதிய ஹிஸ்டரி.

இன்னொன்றும் செய்தார் மேரி. தன் முதல் குழந்தையைத் தன் ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொண்டார். மேல்தட்டு வீடுகளில் பிரசவம் வீட்டோடு முடிந்த காலம் அது. சூப்பரின்டெண்டன்ட் அம்மாவே இங்கேதான் பெற்றார் என்பதைவிடப் பெரிய விளம்பரம் அந்த ஆஸ்பத்திரிக்குக் கிடைத்திருக்காது.

கேரளப் பகுதியின் முதல் சிசேரியன் என்று பதிவாகியிருப்பதும் அவர் செய்ததே, 1920-ல். திருவனந்தபுரம் நகருக்கு மின்சாரம் 1920களின் இறுதியில்தான் வந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அறையைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளலாம். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறப்பது கடைசி வழி. கத்தியைவிட, யாருக்கு அது தேவை, எந்த மணி நேரத்தில் தேவை என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். வலி எப்போது தொடங்கியது, பனிக்குடம் எப்போது உடைந்தது, மருத்துவச்சி வீட்டில் என்னென்ன முயன்று பார்த்தார்? எந்தப் பக்கம் முடிவெடுப்பது என்பது பெரும்பாலும் இந்தப் பதில்களில்தான் இருக்கும்.

92 நிலையங்கள், 60 லட்சம் பேர்

1924-ல் சேது லட்சுமி பாய் ரீஜன்ட் ராணியாகப் பொறுப்பேற்ற பிறகு மேரி தர்பார் பிசிஷியன் ஆனார், திருவிதாங்கூர் சட்டசபைக்கும் நியமிக்கப்பட்டார். அங்கே உட்கார்ந்த முதல் பெண் அவர். முத்துலட்சுமி மெட்ராஸ் சட்ட மேலவைக்குள் போனது அதற்குப் பிறகு, 1927-ல்.

1938-ல் மேரி திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அமெரிக்காவில் ஒரு பெண் சர்ஜன் ஜெனரல் ஆனதே 1990-ல்தான் என்று சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றும், பார்த்திருப்பீர்கள். தகவல் சரி, ஒப்பீடு அவ்வளவு சரியில்லை. அமெரிக்கப் பதவி நாட்டு மக்களுக்கு உடல்நலம் பற்றி எடுத்துச்சொல்லும் பதவி. மேரி செய்தது ஆஸ்பத்திரிகளை நடத்துவது. 32 அரசு மருத்துவமனைகள், 40 அரசு டிஸ்பென்சரிகள், 20 தனியார் நிலையங்கள் அவர் மேற்பார்வையில் இருந்தன. மொத்தம் 92. 1941 மக்கள்தொகைக் கணக்கில் திருவிதாங்கூரில் இருந்தவர்கள் சுமார் 60.7 லட்சம். வகுத்தால் ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய 66 ஆயிரம் பேர்.

அந்த 60 லட்சத்தில் நம்ம ஆட்களும் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பக்கமும் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு, அதாவது அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை அந்த ஊர்களின் ஆஸ்பத்திரிக் கோப்புகள் மேலதிகாரியைத் தேடித் திருவனந்தபுரத்துக்குத்தான் போயின. காசநோய்க்கு மேரி நிறுவிய சானடோரியம் நாகர்கோவிலில் அமைந்தது. காசநோய் வேறு வகை ஹிஸ்டரி கேட்கிற நோய். எத்தனை வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா என்பதோடு நிற்காமல், ஒரே அறையில் யார் யார் படுக்கிறீர்கள் என்றும் கேட்டாக வேண்டும். ஒருவரை விசாரித்தால் ஒரு வீடே தெரியவரும்.

அவரைக் கருவிகளுக்கு எதிரானவர் என்று நினைத்துவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் எக்ஸ்-ரே மற்றும் ரேடியம் நிலையத்தை நிறுவியவரும் இவரே.

இன்று நிலவரம் என்ன?

2018-20 மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார்கள் எண்ணிக்கை இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இந்த 19-ஐ மேரியின் கணக்கில் எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. பெண் கல்வி, மிஷன் ஆஸ்பத்திரிகள், சாலைகள், அவருக்குப் பிறகு வந்த எத்தனையோ நர்ஸ்கள், அரசாங்கங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பெண்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டும் என்பது முதல் படி. அதில் அவர் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேட்பதற்கான நேரம்தான் சுருங்கிவிட்டது. 1984-ல் அமெரிக்காவில் 74 கன்சல்டேஷன்களை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார், சொல்லவந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர் மட்டுமே. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா சுமார் 2 நிமிடம். நம்ம அரசு ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்கு டாக்டரை மட்டும் குறை சொல்ல மனசு வராது. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, நெறிமுறை, தகவல் தொடர்பு என்று தனிப் பாடம் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்து வருகிற டாக்டருக்கு வரிசையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்க முடியாது.

அதுவரை நம் பக்கம் செய்ய முடிந்தது சிலது இருக்கிறது. இரண்டே நிமிடம்தான் என்று தெரிந்தால், தொந்தரவு தொடங்கிய நாள், சாப்பிடுகிற மருந்துகளின் பெயர், முன்பு நடந்த ஆபரேஷன், வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதய நோய் என்பதை போனில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள். மனைவியையோ அம்மாவையோ கூட்டிப்போகிறவர் நீங்கள் என்றால், அவருக்கான கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள்.

மேரியின் மகள் கிரேசியும் டாக்டர்தான், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மகன் கே.பி. லூக்கோஸ் இந்திய வெளியுறவுப் பணியில் இருந்தார். இருவரும் அம்மாவுக்கு முன்பே இறந்துவிட்டார்கள். 1975-ல் அரசு மேரிக்கு பத்மஸ்ரீ கொடுத்தபோது அவர் 90-ஐ நெருங்கியிருந்தார். அடுத்த வருடம் அக்டோபர் 2 அன்று காலமானார். அவரைவிட மூன்றே நாள் மூத்தவரான முத்துலட்சுமி ரெட்டி அதற்கு எட்டு வருடம் முன்பே, 1968 ஜூலையில், மறைந்திருந்தார்.